மேசை மேல் சிங்க்ரோட்ரான்... மேசை எங்கே சார்?

"மேசை மேல் வைக்கும் சிங்க்ரோட்ரான்" என்ற சொற்றொடரை முதலில் கிளப்பிவிட்டவருக்கு யாராவது ஒரு மேசையைக் காட்டினால் புண்ணியமாகப் போகும். 2010ல் நேச்சர் ஃபிஸிக்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே அந்த மேசை உட்கார்ந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹெர்குலிஸ் லேசரை வைத்து எக்ஸ்ரே உண்டாக்கிய ஆராய்ச்சி அது. எலக்ட்ரான் வேகம் பிடிக்கிற தூரம் சில மில்லிமீட்டர்தான், உண்மை. அந்தச் சில மில்லிமீட்டருக்குத் தீனி போடுகிற லேசர்? அதற்குத் தனி ஹால், தூசி இல்லாத அறை, அதிராத தரை, வெற்றிடக் குழாய்கள், ராத்திரி பகலாக ஓடும் ஏசி, காரீயச் சுவர். அடுப்பு மட்டும் சின்னது, சமையல்கட்டு கல்யாண மண்டபம் சைஸ். இதை மேசை என்று சொல்வதானால் திருமழிசை ஜெகந்நாதப் பெருமாள் கோயில் மண்டபத்தையும் ஒரு ஸ்டூல் என்று சொல்லிவிடலாம் :-)

கட்டுரை எழுதிய விஞ்ஞானிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "பெரிய சிங்க்ரோட்ரானோடு ஒப்பிட்டால்" என்கிற அர்த்தத்தில்தான் அவர்கள் சொன்னார்கள். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் "இனி ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும்..." என்று செய்தி போடுகிறார்களே, அவர்களிடம்தான் சண்டை. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு "சோத்துக்கே வழியில்லாத ஊருக்கு லேசர் எதுக்கு?" என்று உதட்டைப் பிதுக்குகிற கூட்டத்தோடும் சண்டைதான். இரண்டு கூட்டமும் ஒரே தப்பைச் செய்கின்றன. இந்த விஷயத்துக்கு முதல் வாடிக்கையாளர் யார் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

முதலில் மேட்டர் என்னவென்று பார்த்துவிடலாம். கடைசி பெஞ்ச்சுக்கும் புரிகிற மாதிரி.

ராண்ட்கன் 1895ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுக்கிற படம் எல்லாமே நிழல் படம். எலும்பு நிறைய கதிரை விழுங்கும், சதை கொஞ்சமாக விழுங்கும். விழுங்கியதுபோக மிச்சம் வந்ததைப் படமாகப் பார்க்கிறோம். சதைக்கும் சதைக்கும் நடுவே வித்தியாசம் கேட்டால் நிழல் கையை விரித்துவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விழுங்குவதால் வந்த வினை.

மே மாதம் மத்தியானம் பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் நின்றால் தூரத்து லாரி தண்ணீருக்குள் மிதப்பது போல நெளியும். சூடான காற்று வெளிச்சத்தை விழுங்கவில்லை. ஆனாலும் காற்று கண்ணுக்குத் தெரிகிறது! காரணம், அது வெளிச்சத்தை லேசாக வளைக்கிறது. எக்ஸ்ரேயும் பொருளுக்குள் போகும்போது இப்படித்தான் துளியூண்டு வளைகிறது, அலையின் கட்டம் முன்பின் ஆகிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற எடை குறைந்த தனிமங்களில் இந்த விளைவு, விழுங்குகிற விளைவைவிட ஆயிரம் மடங்கு வரை பெரியது. ஆயிரம் மடங்கு தகவல் அங்கே கொட்டிக் கிடக்க, நூறு வருஷத்துக்கும் மேலாக அதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறது சாதாரண எக்ஸ்ரே. அதைப் பொறுக்கி எடுக்கிற வித்தைக்குப் பெயர்தான் ஃபேஸ் கான்ட்ராஸ்ட். எளிய முறை ஒன்றில் டிடெக்டரைப் பொருளிலிருந்து தள்ளி வைத்தால் போதும், ஓரங்களும் விளிம்புகளும் கோடு போட்ட மாதிரி எழும்பி வரும்.

ஒரு நிபந்தனை உண்டு. கதிர் கிளம்பும் புள்ளி மிகச் சின்னதாக இருக்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் விரலின் நிழல் கலங்கலாக விழும், சின்ன எல்.ஈ.டி. வெளிச்சத்தில் கத்தி மாதிரி விழும் இல்லையா, அதே கதை. வழக்கமான எக்ஸ்ரே குழாயில் எலக்ட்ரானை ஓர் உலோகத் தட்டில் மோதவிட்டுக் கதிர் எடுக்கிறார்கள். புள்ளியைச் சின்னதாக்கினால் சூடு ஒரே இடத்தில் குவிந்து தட்டு உருகும். உருகாமல் இருக்க மின்சாரத்தைக் குறைத்தால் கதிர் குறைந்து படம் எடுக்க மணிக்கணக்கில் ஆகும். லேசர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. தட்டே கிடையாது! கொஞ்சம் வாயுவைப் பீய்ச்சி, அதில் லேசர் துடிப்பைப் பாய்ச்சினால் படகுக்குப் பின்னால் அலை எழும்புகிற மாதிரி பிளாஸ்மாவில் அலை எழும்பும். அந்த அலையில் ஏறிச் சவாரி செய்கிற எலக்ட்ரான்கள் இப்படியும் அப்படியும் ஆடி எக்ஸ்ரேயைக் கக்கும். புள்ளியின் அளவு ஒரு மைக்ரான் பக்கம். உருகுவதற்கு அங்கே எதுவும் இல்லை. 1979ல் தஜிமாவும் டாசனும் காகிதத்தில் எழுதிய யோசனை இது. 1985ல் ஸ்ட்ரிக்லேண்டும் மூரூவும் லேசர் துடிப்பை நீட்டிப் பெருக்கிச் சுருக்குகிற வழியைக் கண்டுபிடித்தார்கள் (அதற்கு 2018ல் நோபல் கிடைத்தது). அதன் பிறகுதான் யோசனைக்கு உயிர் வந்தது. 2004ல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் ஒழுங்கான எலக்ட்ரான் கற்றையைக் காட்டின.

சரி, இதை வைத்து என்ன படம் எடுத்தார்கள்? 2015ல் ஜெர்மனியில் ஒரு பூச்சியை, சுமார் 1,500 தனித்தனி ஷாட்களைச் சேர்த்து முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். அதே வருஷம் இங்கிலாந்தின் ஜெமினி லேசரில் மனித எலும்புத் துண்டு. 2018ல் அங்கேயே எலிக் கரு. கடைசி ஆராய்ச்சியின் சுருக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கனவு காண்கிற எல்லோரும் அதை இரண்டு தடவை படிக்க வேண்டும். கடையில் வாங்குகிற மைக்ரோ சி.டி. ஸ்கேனருக்கு இணையான தரத்தில் படம் கிடைத்தது என்பதுதான் அதன் சாரம். இணையான தரம்! ஒரு பெரிய தேசிய ஆய்வகத்தின் லேசரை ஓட்டி, கடையில் கிடைக்கிற பெட்டிக்கு இணையாக. விஞ்ஞானத்தில் அது பெரிய வெற்றிதான், சந்தேகமே இல்லை. லேசர் துடிக்கும் வேகம் கூடினால் இதே தரம் நிமிஷங்களில் கிடைக்கும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் நாளைக்கு நோயாளியைப் படுக்க வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லவே இல்லை.

அந்தக் கதிரின் கிரிட்டிகல் எனர்ஜி என்று பார்த்தால் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம். நெஞ்சு எக்ஸ்ரேக்கு நூறு கிலோவோல்ட்டுக்கு மேல் வைத்து எடுக்கிறார்கள். பதினைந்தை வைத்து ஆளின் நெஞ்சைப் படம் எடுக்கப் போனால் பெரும்பகுதி தோலிலும் சதையிலும் தங்கிவிடும், படம் வராது, டோஸ் மட்டும் வரும்.

இன்னொன்று. மனிதர்களுக்கு ஃபேஸ் கான்ட்ராஸ்டைக் கொண்டுபோவதில் உலகத்தில் முன்னால் போனவர்கள் யாருமே லேசரைத் தொடவில்லை. இத்தாலியின் டிரியஸ்தே நகரில் 2006ல் எலெட்ரா சிங்க்ரோட்ரானில் பெண்களுக்கு மார்பகப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். மியூனிக்கில் சாதாரண எக்ஸ்ரே குழாயையும் நுண்ணிய கிரேட்டிங் தகடுகளையும் வைத்து நுரையீரலின் சிதறல் படத்தை எடுத்து, புகைபிடிப்பவர்களுக்கு வருகிற சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் அது பயன்படுவதை 2021ல் வெளியிட்டார்கள். சாதாரணக் குழாய் சார்! ஆஸ்பத்திரி ஏற்கனவே கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிற அதே குழாய்.

ஆக, "புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் லேசர் எக்ஸ்ரே" என்று தலைப்புப் போடுகிறவர்கள் செய்வது அறிவியல் பரப்புரை இல்லை, ஆசை வியாபாரம். அந்தத் தலைப்பைப் படிக்கிறவர்களில் ஒரு அம்மா கட்டியோடு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது ஓடுகிற மேமோகிராம் மெஷின், அதை ஓட்ட ஒரு ஆள், அதே வாரத்தில் ரிப்போர்ட். திருமழிசைப் பக்கம் ஷெட்டில் வேலை பார்த்து இருமிக்கொண்டிருக்கிற ஒரு ஆளுக்கு வேண்டியது சாதா நெஞ்சு எக்ஸ்ரே. காசநோயைத் தேட 2024 டிசம்பரில் 100 நாள் இயக்கம் ஆரம்பித்தபோது கையில் தூக்கிப்போகிற எக்ஸ்ரே கருவிகளைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதுதான் சரி. சென்னைக்கு இந்தப் பாடம் புதிதும் இல்லை. சேத்துப்பட்டில் 1956ல் ஆரம்பித்த காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைத்துப் பார்ப்பதற்கும் வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிடுவதற்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959ல் காட்டி உலகத்தையே மாற்றியது. மலிவான பதில் மட்டமான பதில் இல்லை என்று காட்டிய ஊர் இது.

இதைக் கேட்டதும் இரண்டாவது கூட்டம் கைதட்ட ஆரம்பித்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள் சாமி, உங்கள் டர்ன் இப்போதுதான் வருகிறது.

"ஏழை நாட்டுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்கிற கேள்விக்குப் பதில் கிண்டியிலேயே இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952லிருந்து 1970 வரை பேராசிரியர். கொலாஜன் என்கிற புரதம் மூன்று இழை பின்னிய ஜடை மாதிரி இருக்கிறது என்று எக்ஸ்ரே படத்திலிருந்து 1954ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னவர். அதே ஆள் 1971ல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து இன்னொரு காரியம் செய்தார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் திருப்பிக் கட்ட, ஃபூரியே மாற்றத்தின் சுற்றுவழி இல்லாமல் நேரடியாகக் கணக்குப் போடும் முறை. அதே 1971 அக்டோபரில்தான் லண்டனில் முதல் நோயாளியை சி.டி. ஸ்கேனில் படுக்க வைத்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் 1979ல் நோபல் போனது. ராமச்சந்திரன்-லட்சுமிநாராயணனின் பெயர் எங்கே போனது? "ராம்-லாக் ஃபில்டர்" என்று மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாட்லாப்பில் படத்தைத் திருப்பிக் கட்டும் கட்டளையைத் தட்டினால், வேறு எதுவும் கேட்காதபோது அது எடுத்துக்கொள்வது அந்த ஃபில்டரைத்தான். உலகம் முழுக்க டோமோகிராஃபி செய்கிறவர்கள் கூப்பிடுகிற பெயர் அது.

கணக்கு இங்கே, மெஷின் அங்கே. சி.டி. ஸ்கேனரை இந்தியா கப்பலில் வரவழைத்துக் காசு கொடுத்தது. 1971லேயே யாரோ ஒருவர் "நமக்கெதுக்கு இது?" என்று சொல்லியிருப்பார், அதற்கும் நாலு பேர் தலையாட்டியிருப்பார்கள். இப்போது லேசர் எக்ஸ்ரேயிலும் அதே சினிமா ரீமேக் ஆகிக்கொண்டிருக்கிறது, ஹீரோயின் மட்டும் புதுசு.

ஏனென்றால் இந்தியாவில் ஆள் இல்லாமல் இல்லை. இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் இருக்கிறது. அங்கே இண்டஸ்-2 என்ற 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரான், 172.5 மீட்டர் சுற்றளவு, அதில் படம் எடுப்பதற்கென்றே ஒரு கற்றைவழி, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் உட்பட. பக்கத்திலேயே 150 டெராவாட் லேசர். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் 100 டெராவாட் லேசர். அதே நிறுவனத்தின் ஐதராபாத் வளாகத்துக் குழு 2024ல் வெளியிட்ட வேலைதான் இந்தக் கதையிலேயே சுவாரஸ்யமான பகுதி. மெத்தனால் நுண்துளிகளைச் சொட்டவிட்டு, விநாடிக்கு ஆயிரம் முறை துடிக்கிற சின்ன லேசரால் அடித்து, வழக்கமாகத் தேவைப்படுவதில் நூறில் ஒரு பங்கு தீவிரத்திலேயே மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு எலக்ட்ரான்களைச் சூடாக்கிக் காட்டினார்கள். பெரிய லேசரை இன்னும் பெரிதாக்கும் போட்டியில் போகாமல், சின்ன லேசரைப் புத்திசாலித்தனமாக ஏமாற்றும் வழி. மேசைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற ஐட்டம் அதுதான்!

அது ஏன் முக்கியம் என்பதை பிசிக்ஸ் டிபார்ட்மெண்டைவிட காமர்ஸ் டிபார்ட்மெண்ட் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்தவனுக்கும் தெரிந்த விஷயம் இது. கட்டடம், லேசர், ஏசி, ஆள் சம்பளம், தேய்மானம் எல்லாம் நிலைச்செலவு. படம் எடுத்தாலும் ஓடும், எடுக்காவிட்டாலும் ஓடும். ஒரு படத்துக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஒரு நாளில் எத்தனை படம் என்பதுதான். ஜெமினி லேசர் 20 விநாடிக்கு ஒரு ஷாட் அடிக்கும். ஒரு பொருளுக்கு 1,500 ஷாட் வேண்டுமென்றால் 30,000 விநாடி, எட்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு ஷிஃப்ட் காலி. விநாடிக்குப் பத்து ஷாட் அடித்தால் அதுவே இரண்டரை நிமிஷம். அதனால்தான் இங்கிலாந்து எட்டுக் கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கி எபாக் என்று ஒரு மையத்தைக் கட்டப் போனது. விநாடிக்குப் பத்து துடிப்பு, ஒரு பெட்டாவாட் லேசர். அங்கே வாடிக்கையாளர் பட்டியலில் தொழிற்சாலைகளையும் சேர்த்தே திட்டம் போட்டார்கள். இங்கே இன்னும் ஆஸ்பத்திரிக் கனவிலேயே இருக்கிறார்கள்.

தொழிற்சாலை என்றதும் திருமழிசைக்கு வருவோம். சிட்கோ எஸ்டேட். இந்தப் பக்கம் அம்பத்தூர், ஆவடி. அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். சின்னச் சின்ன ஷெட்டுகள், பெரிய கம்பெனிக்கு பார்ட் சப்ளை. வார்ப்பில் உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் வெளியே தெரியாது, மெஷினிங் முடித்து கம்பெனிக்குப் போன பிறகு தெரியும். ரிஜெக்ஷன், டெபிட் நோட், லாரி வாடகை, திரும்ப வந்த சரக்கை உருக்குகிற செலவு. உள்ளே பார்ப்பதற்கு இன்றைக்கு இருக்கிற வழி? வெல்டிங்கையும் கனமான வார்ப்பையும் பார்க்கப் பெரும்பாலும் இரிடியம்-192. சில மில்லிமீட்டர் சைஸ் கதிரியக்கத் துண்டு, ஆட்களை விலக்கி, கயிறு கட்டி, ஃபிலிம் வைத்து எடுக்கிறார்கள். 74 நாளில் பலம் பாதியாகிவிடும், மறுபடி வாங்க வேண்டும். நுணுக்கமான விரிசலும் பிளாஸ்டிக் கலவையும் அதில் சரியாகத் தெரியாது. மைக்ரோ சி.டி. வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்பலாம். பத்துப் பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கு அது கட்டுப்படி ஆகிற கதையா?

ஜெமினி லேசரிலேயே அலுமினியம்-சிலிக்கான் கலவையின் உள்ளமைப்பைப் படமெடுத்து 2019ல் வெளியிட்டார்கள். பிஸ்டன் எதில் செய்கிறார்கள்? அதே குடும்பத்துக் கலவையில்தான். எலிக் கருவுக்கு அனுமதி வாங்க வேண்டும், நோயாளிக்கு டோஸ் பார்க்க வேண்டும். பிஸ்டன் துண்டு எதுவும் கேட்காது. லித்தியம் பேட்டரியின் மெல்லிய அடுக்குகள், கார்பன் ஃபைபர், ரப்பருக்குள் நூல், சிப்புக்கு அடியில் இருக்கும் சால்டர் என்று எடை குறைந்த பொருள், மெல்லிய விளிம்பு, நுண்ணிய விரிசல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஃபேஸ் கான்ட்ராஸ்டுக்கு வேலை உண்டு. எல்லாமே இந்த முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் செய்கிற சரக்கு.

முழு என்ஜின் பிளாக்கை இதில் பார்க்க முடியுமா? முடியாது. அதே 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கு இங்கேயும் கழுத்தைப் பிடிக்கும். மில்லிமீட்டர் கணக்கில் வெட்டின துண்டைத்தான் பார்க்கலாம். போகட்டுமே! வார்ப்பு ஏன் வெடித்தது, பசை எங்கே விட்டது என்று கண்டுபிடிக்க வெட்டின துண்டு போதும். இப்போது அந்த ஷெட்காரருக்கு அதுகூட இல்லை. கம்பெனிக்காரன் சொல்கிற காரணத்தைக் கேட்டுக்கொண்டு டெபிட் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். வெடித்தது அவர் வார்ப்பாலா, கம்பெனி கொடுத்த டிராயிங்காலா என்று வாதாட அவரிடம் ஒரு படம் கிடையாது. லேசர் யாருக்கு வேண்டும் என்று கேட்டீர்களே, அவருக்குத்தான்.

இந்தூருக்கு அனுப்பலாமே என்பீர்கள். ரயிலில் ஒரு நாளைக்கு மேல். அதற்கு முன்னால் ஆராய்ச்சி முன்மொழிவு எழுதி, நேரம் ஒதுக்கும்வரை காத்திருந்து... காலையில் ஷட்டர் திறந்து ராத்திரி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர் எந்த நேரத்தில் முன்மொழிவு எழுதுவார்? பேராசிரியர்களுக்காக அமைத்த கதவு அது. அவர்களுக்கு நல்ல கதவு.

என்ன செய்யலாம்? பணம் இல்லை என்ற பல்லவி வேண்டாம். பாதுகாப்பு அமைச்சகம் 2020ல் ஆரம்பித்த சோதனை உள்கட்டமைப்புத் திட்டத்துக்கு 400 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழ்நாட்டு, உத்தரப்பிரதேச பாதுகாப்புத் தொழில்வழிகளில் பொதுச் சோதனை மையம் கட்டினால் செலவில் 75 சதவீதம் வரை மானியம். சிறு தொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்கத் தனியாகத் திட்டம் இருக்கிறது. ஆள் இல்லை என்ற சரணமும் வேண்டாம். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், உடைக்காமல் உள்ளே பார்க்கும் கலையில் பல பத்து வருஷம் ஊறின இடம். பல்தேவ் ராஜ் தலைமையில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையே சோதித்துப் பார்த்தவர்கள்.

வாங்குகிற வரிசைதான் முக்கியம். முதல் நாளே பெட்டாவாட் லேசர் என்று ஆரம்பித்தால் திறப்பு விழா ஃபோட்டோவோடு கதை முடிந்துவிடும். முதலில் மைக்ரோஃபோகஸ் குழாயும் கிரேட்டிங்கும். சந்தையில் இருக்கிற சாமான், இன்றைக்கே ஃபேஸ் கான்ட்ராஸ்ட் எடுக்கலாம். துண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று போர்டு எழுதி வைத்து, ஷெட்காரர்கள் கவரில் போட்டுக் கொண்டுவருவதை வாங்கி, நாலு நாளில் படம் கொடுத்துப் பழக வேண்டும். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், குழாயால் எது முடியவில்லை என்ற கணக்கு இரண்டு மூன்று வருஷத்தில் கையில் இருக்கும். அந்த முடியாத பட்டியலைக் கொண்டுபோய் ஐதராபாத்துக்காரர்களிடமும் இந்தூர்க்காரர்களிடமும் கொடுத்து, "விநாடிக்கு ஆயிரம் துடிப்பில் இதைப் படமெடுக்க ஒரு பெட்டி செய்து தாருங்கள்" என்று ஆர்டர் போடலாம். ஆராய்ச்சிக்காரர்களுக்கு விருது மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ராம்-லாக் மாதிரி பெயர் மிஞ்சும். ஆர்டர் கொடுத்தால் மெஷின் மிஞ்சும்.

இடம்? 2020 மே மாதம் கோயம்பேட்டை மூடினபோது, அவ்வளவு பெரிய காய்கறிச் சந்தையையும் ஒரு வாரத்துக்குள் திருமழிசைக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகை போட்டு நடத்தினார்கள், கிட்டத்தட்ட செப்டம்பர் முடிகிறவரை. அதில் ஒரு வெங்காயக் கடை வரிசை அளவு இடம் போதும் இந்த மையத்தின் முதல் கட்டத்துக்கு. அதிராத தரை மட்டும் வேண்டும், ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.